போனுக்குப் போட்ட பூட்டு

வேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஏழு மாதம் நான் பார்த்த வேலை, மற்றவர்களின் போனை வளாகத்து வைஃபையில் சேர்த்துவிடுவது. நூலகப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசை, ஒரு ஸ்டூல், முதுகுக்குப் பின்னால் ஒரு பேனர். வருகிறவர் போனை நீட்டுவார். அவருடைய அடையாள எண்ணையும் கடவுச்சொல்லையும் அவரையே அடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு டிஜிட்டல் சான்றிதழை இறக்கிப் போனுக்குள் வைப்பேன். அது இருந்தால்தான் வலை அந்தப் போனை உள்ளே விடும். ஒரு போனுக்கு நான்கு நிமிடம்.

நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். திரையில் வரும் ஆங்கிலத்தை முழுக்கப் படித்ததே இல்லை. எதைத் தொட்டால் எது திறக்கும் என்பது விரலுக்குத் தெரியும். ஆம்பூர் பஜாரில் ஒரு போன் கடையில் எட்டு மாதம் இருந்தபோது பழகியது. அதற்கு முன்னால் ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் டீ கேன் தூக்கினேன், ஏலகிரியில் ஒரு விடுதியில் போர்வை துவைத்தேன். அதிக நாள் நின்றது வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு டேனரியில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில், இரண்டு வருடம். அந்தச் சுண்ணாம்பு அரித்து என் விரல் ரேகை போய்விட்டது. ரேஷன் கடை மெஷின் இன்றுவரை என்னை நான்தான் என்று ஒப்புக்கொள்வதில்லை.

சான்றிதழை உள்ளே வைக்க ஒரு நிபந்தனை உண்டு. போனுக்குத் திரைப் பூட்டு இருக்க வேண்டும். கோடு இழுக்கிற பூட்டோ, நம்பர் பூட்டோ, ஏதாவது ஒன்று. மாணவர்களின் போனில் அது ஏற்கெனவே இருக்கும் என்பதால் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை.

அந்த ஆடி மாதம், விடுதிகளைத் துப்புரவு செய்யும் காண்டிராக்ட்காரர் வருகைப் பதிவைப் போனுக்கு மாற்றினார். காலை எட்டு மணிக்குள் அவரவர் போனில் பதிய வேண்டும். வளாகத்து வலையில் இருந்தால் மட்டுமே பதிவாகும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று அப்படி. மூன்று நாள் பதிவாகவில்லை என்றால் பேரை எடுத்துவிடுவேன் என்று சூப்ரவைசர் சொல்லிவிட்டார். ஐம்பது அறுபது பெண்கள் என் மேசைக்கு முன் வரிசையில் நின்றார்கள்.

அவர்களில் ஒருத்திக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஆம்பூர்ப் பக்கத்துக் கிராமம். ஷூ கம்பெனியில் பதினொரு வருடம் அடிப்பாகம் ஒட்டியவள். பசை வாசனை மூச்சில் ஏறி இழுப்பு வந்துவிட்டது. இனிமேல் அந்த வேலைக்குப் போகாதே என்று டாக்டர் சொன்ன பிறகு அவளுக்குக் கிடைத்த ஒரே வேலை இதுதான். அவள் போனில் பூட்டு இல்லை. நான் எல்லாருக்கும் போடுவதுபோல மேலிருந்து கீழே, கீழிருந்து பக்கவாட்டில் ஒரு கோடு இழுத்துக் காட்டி அனுப்பினேன்.

மறுநாள் நான் ஸ்டூலை இழுத்துப் போடுவதற்கு முன்பே வந்து நின்றாள்.

"அண்ணா, இத எடுத்துடுங்க."

"எத?"

"இந்தக் கோடு இழுக்கற பூட்ட. நேத்து வூட்ல பெரிய பேஜாராயிடுச்சு."

வீட்டில் ஒரே போன். பகலில் அவளிடம், சாயங்காலம் புருஷனிடம். இடையில் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பாடம் பார்ப்பார்கள். மாமியார் மகளோடு பேசுவாள். அந்தப் போன் ஒரு நாளும் பூட்டியிருந்ததில்லை. "யாருக்குத் தெரியக் கூடாதுன்னு பூட்டுன?" என்று புருஷன் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான். வைஃபைக்கு என்றிருக்கிறாள். வைஃபைக்கு எதுக்குப் பூட்டு என்று கேட்டிருக்கிறான்.

"எனக்கே தெரியாதேணா. நான் இன்னான்னு சொல்றது?"

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் போன் பூட்டியிருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் சொல்வார்கள். என் அக்காவின் போனை அவள் வீட்டில் சுவரில் அடித்து உடைத்ததும் இப்படி ஒரு பூட்டுக்காகத்தான். பூட்டை எடுத்தேன். சான்றிதழும் சேர்ந்து அழிந்தது, வலை அறுந்தது. மறுபடி பூட்டினால்தான் சான்றிதழ் உள்ளே போனது. அந்தப் பழைய போன், இருந்தால் இரண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்றது.

மாடியில் வைஃபையைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியரிடம் போய்க் கேட்டேன். "ரூல் அப்படித்தான் இருக்கு. வேற போன் வாங்கிக்கச் சொல்லு" என்றார். நல்ல மனிதர்தான். வேறு போன் வாங்குவது என்றால் என்ன என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

வழியை அவளே கண்டுபிடித்தாள். "காலைல போட்டுக்கலாம், சாயந்திரம் எடுத்துடலாம். இன்னா இப்ப?"

அப்படியே நடந்தது. காலை ஏழே முக்காலுக்கு வருவாள். பூட்டு, சான்றிதழ், வருகைப் பதிவு. மாலை நாலரைக்கு பஸ்ஸுக்குப் போகும் வழியில் பூட்டை எடுத்துவிட்டுப் போவாள். பத்து நாளில் என் உதவி தேவைப்படவில்லை. ஆனாலும் என் மேசைப் பக்கத்தில் நின்றுதான் செய்வாள். கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடுவார்களா?

"இன்னாடி, தினம் ரெண்டு வேளை அந்த மேசைக்குப் பூஜையா?"

"ஆமாண்டி. சூப்ரவைசர் வாய்க்கும் ஒரு பூட்டு போடச் சொல்லி உனக்கும் சேத்து வேண்டிக்கினு இருக்கேன்."

ஒன்றரை மாதம் ஓடியது. ஒரு நாள் மதியம் பிடித்த மழையில் விடுதிச் சாக்கடை அடைத்துக்கொண்டது. அவளை ஐந்தரை வரை விடவில்லை. பஸ்ஸைப் பிடிக்க அவள் ஓடியதை நான் பார்த்தேன். பூட்டு ஞாபகம் எனக்கும் வரவில்லை.

மறுநாள் ஏழரைக்குப் படிக்கட்டின் பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் கையில் போன். இரண்டடி பின்னால் அவள், சீருடைக் கோட்டோடு, தரையைப் பார்த்தபடி.

"நீதான் பூட்டு போடற ஆளா?"

"ஆமாங்க."

"எங்க வூட்டுப் போனுக்கு நீ இன்னாத்துக்குப் பூட்டு போடற?"

எனக்கு அடி வாங்கிப் பழக்கம் உண்டு. அதைப் பற்றி நான் பயப்படவில்லை. என் வாயிலிருந்து தப்பாக ஏதாவது வந்தால் அது அவளுக்குத்தான் விழும் என்று பயந்தேன். அதனால் போனை வாங்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். அவளிடம் கொடுத்துப் பூட்டை எடுக்கச் சொன்னேன். பிறகு சான்றிதழை இறக்கி, போனை அவன் கையிலேயே கொடுத்தேன். "இப்ப அது இன்னா கேக்குதுன்னு நீங்களே படிங்க."

அவன் ஒவ்வொரு சொல்லாகப் படித்தான். "சான்றிதழை... நிறுவ... திரைப் பூட்டை... அமைக்கவும்." இன்னொரு முறை படித்தான். "இத நீ எழுதல இல்ல?"

"எழுதற ஆளா இருந்தா நான் ஏன் இந்த ஸ்டூல்ல குந்திக்கினு இருக்கேன்?"

அவன் சிரிக்கவில்லை. "விரல் வச்சா தொறக்கும்னு சொல்றாங்களே. எல்லார் விரலையும் வச்சிடு."

போட்டுப் பார்த்தேன். அவள் விரலைப் போன் உடனே எடுத்துக்கொண்டது. அவனுடைய கட்டைவிரலை எடுக்கவில்லை. ஆட்காட்டி விரலையும் எடுக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு இடது கையை வைத்தான். அதுவும் இல்லை. நான் என் கையைத் திருப்பி மேசைமேல் வைத்தேன். அவன் குனிந்து பார்த்தான்.

"சுண்ணாம்பா?"

"ரெண்டு வருஷம்."

"எனக்குப் பதினாலு. நீ ஓடிட்டியா?"

"ஓடிட்டேன்."

"பொழச்ச" என்றான்.

"எட்டாவப் போவுது" என்றாள் அவள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவன் மணியைப் பார்த்தான். "சரிப்பா, நம்பர் போடு. வூட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பரா இருக்கணும். என் டோக்கன் நம்பரப் போடு." டேனரியில் சாப்பாட்டுக் கேரியர் மாறிவிடாமல் இருக்க அவரவர் மூடியில் டோக்கன் நம்பரைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். அந்த மூடியைத் தினம் கழுவுகிறவள் அவள். அவன் அம்மாவுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். நம்பர் மூன்று இலக்கம்தான், போன் நான்கு கேட்டது.

"முன்னாடி ஒரு சைபர் போட்டுக்க" என்றான்.

மீதியை அவளே செய்தாள். விரல் நிற்காமல் ஓடியது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் எப்பக் கத்துக்கின?"

"தினம் ரெண்டு வேளை செஞ்சா வராதா?"

"ரெண்டு வேளையா?"

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலைல போடறது, சாயந்திரம் எடுக்கறது. ஒன்றரை மாசமா. வூட்ல சண்டை வேணாம்னுதான்."

வருகை பதிவான சத்தம் வந்தது. அவன் பைக் சாவியைக் கையில் இரண்டு மூன்று தடவை திருப்பினான். "மொதல்லயே என்னக் கூட்டினு வந்திருக்கலாம் இல்ல" என்று அவளைப் பார்க்காமல் சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.

பூட்டின் நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த வாக்கியத்தை அன்றைக்கு நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஒரு சாப்பாட்டுக் கேரியர் மூடியில் எழுதியிருக்கிறது என்று இன்ஜினியரிடமும் சொல்லவில்லை. அவள் வேலை தங்கியது. ஆனால் அவள் போனுக்கு அவன் நம்பர். அதை நல்ல தீர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தை பிறந்ததும் என் காண்டிராக்ட் முடிந்தது. பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

"போறீங்களாணா? போறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டுங்க. நம்பர மாத்தறது எப்படி?"

"மாத்தணுமா?"

"வேணாம். எப்படின்னு மட்டும் காட்டுங்க."

காட்டினேன். மேலே போய், உள்ளே போய், பழைய நம்பரைக் கேட்கும் இடம், அதைத் தாண்டிப் புது நம்பருக்கான வெற்றுக் கட்டம். அவள் அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முதல் திரைக்குத் திரும்பி வந்து, தானே ஒரு முறை அதே இடம் வரை போய்ப் பார்த்தாள். எதையும் மாற்றவில்லை.

"இவ்ளோதானா" என்று போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு விடுதிப் பக்கம் போனாள்.