பத்திரகாளி இறக்கிய கேமரா

சாத்தூரில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருந்த பத்திரகாளிக்கு அக்ரிலிக் தகடு என்றால் அப்பளம் மாதிரி. கிணறு கிணறாய் நீச்சலடித்து வளர்ந்தவள். 2007-இல் பிரவுசிங் சென்டரில் யாரோ கடலுக்கடியில் எடுத்த மீன் படங்களைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. கடைக்கென்று வாங்கிய டிஜிட்டல் கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோக ஒரு பெட்டி செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

கனத்த தகடுகளின் விளிம்பைக் குளோரோஃபார்ம் விட்டு இளக்கி ஒட்டினாள். மூடிக்கு சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போட்டாள். வெளியிலிருந்து பட்டனை அமுக்க ஒரு சைக்கிள் கம்பி. அது நுழையும் ஓட்டையில் நீர் கசியாதிருக்க, சைக்கிள் வால்வில் மாட்டும் ரப்பர் வால்டியூப். முதலில் உள்ளே வெறும் காகிதத்தை வைத்து வாளியில் அமுக்கிப் பார்த்தாள். நனைந்து போயிற்று. மறுபடி ஒட்டினாள். காகிதம் நனையாமல் வந்தபோது பெட்டி முங்க மாட்டேன் என்றது, எடைக்கல்லைக் கட்டினாள். வெளிச்சத்துக்கு பைக் ஹெட்லைட் பல்பை ஊறுகாய் பாட்டிலுக்குள் அடைத்தாள். வயர் கிணற்று மேட்டிலிருந்த பேட்டரிக்குப் போனது.

மீன் பார்க்கத்தான், சாத்தூரை அடுத்த தன் கிராமத்தின் ஊர்க் கிணற்றில் இறங்கினாள். ஊருக்கே குடிதண்ணீர் அங்கிருந்துதான் தொட்டிக்கு ஏறும். மூச்சடக்கி முங்கி முங்கிப் படமெடுத்தாள். தண்ணீருக்குள் வெறுங்கண்ணுக்கு எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது.

கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தபோது மீன் இல்லை. கழுத்தில் கட்டிய கல்லோடு ஊதிப்போன நாய் ஒன்று கிடந்தது; அதன் மயிர் பாசி போல அலைந்தது. பிராந்தி பாட்டில்கள், முடிச்சுப் போட்ட பாலிதீன் பைகள். மோட்டார் குழாய் தண்ணீர் உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்திலேயே ஒரு மெத்தை. அதில் கிளிப்பச்சைச் சேலையில் ஒட்டுப் போட்டிருந்தது. அவளுடைய சேலை. அவள் போட்ட ஒட்டு. போன வருஷம் படுத்த படுக்கையாய்க் கிடந்து, முதுகெல்லாம் புண்ணாகிச் செத்த மாமனாரின் மெத்தை. வாசலுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள்.

படத்தைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து கணவன் முனியராஜிடம் கேட்டாள்.

"மாமா மெத்தைய என்ன செஞ்சீக?"

"சுடுகாட்டுலயே எரிச்சிட்டேன்னு சொன்னேன்ல."

படத்தை நீட்டினாள். அவன் அதைக் கவிழ்த்து வைத்தான்.

"அன்னைக்கு மளை புள்ள. நனைஞ்ச மெத்தைய எங்கன எரிக்க? தண்ணிக்குத்தான் மருந்து போடுதாகள்ல."

"சீ! நீங்களும் அதத்தான குடிச்சீக?"

அவன் ரோஷத்தோடு பானையில் ஒரு செம்பு மோந்து, அவள் கண் முன்னாலேயே மடமடவென்று குடித்தான்.

மறுநாள் மோட்டார் ரூம் சுவரில் படங்களை ஒட்டினாள். கூட்டம் கூடியது. எல்லாரும் அடுத்த தெருவைக் கை காட்டினார்கள்.

"எவம்லே மெத்தையப் போட்டது?" என்று கத்தினார் மோட்டார் போடும் கோட்டைச்சாமி.

"எங்க வீட்டு மெத்தைதான்ணே," என்றாள் பத்திரகாளி. "நாய் யாரு வீட்டு நாயி? பாட்டிலு யாரு குடிச்சது?"

பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

கிணற்றை இறைத்தார்கள். மெத்தை கறுத்து, புழு நெளிய, கயிற்றில் ஏறி வந்தபோது முனியராஜ் அங்கேயே குத்தவைத்து ஓங்கரித்தான். தூர் வாரி, சுண்ணாம்பு போட்ட தண்ணீரில் ஒரு வாரத்துக்குள் புதுப் பாலிதீன் பை ஒன்று மிதந்தது. அதைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு வந்தவள், அன்றிலிருந்து சாத்தூரில் கேன் தண்ணீர் வாங்கி வந்தாள். மீன் பார்க்கக் கேமராவோடு மழைநீர் தேங்கிய கல்குவாரிக்குப் போனாள். எந்தக் குவாரி என்று ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

"எனக்கும் ஒரு தம்ளர் ஊத்து," என்றான் முனியராஜ்.

ஊற்றினாள். அவன் குடிக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.