குறை ஐந்தாம் படி

பாசியின் வழுவழுப்பு இன்றும் என் உள்ளங்காலில் இருக்கிறது. கொட்டாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்தில், தண்ணீருக்குள் இருக்கும் படிகளெல்லாம் அப்படித்தான் வழுக்கும். எட்டு வயதில் ஒருநாள் அங்கே சறுக்கி விழுந்து, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, யாரோ முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு நான் கரையில் உட்கார்ந்து செம்பால் மொண்டுதான் குளிப்பேன்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடையில் அப்பா சொன்னார்: "பொன்னம்மை பாத்துச் சொல்லட்டும். இவளுக்குக் கணக்கு வரும்னா ஆறாங்கிளாசுக்கு அனுப்புவோம். வராதுன்னா வீட்டுல நிக்கட்டும்." பொன்னம்மை என் அத்தை மகள், எனக்கு மதினி. எங்கள் குடும்பத்தில் ஏழாம் கிளாஸ் வரை போன ஒரே பெண்.

மதினி சிலேட்டை எடுக்கவில்லை. குளிக்கப் போகும்போது என்னையும் என் தோழிகள் இரண்டு பேரையும் படித்துறையில் நிறுத்தினாள். துணி துவைத்துத் துவைத்துக் குழிந்துபோன "அலக்குகல்" படியைத் தொட்டுக்கொண்டு அப்போது தண்ணீர் நின்றது. "இது பூச்சியம். மேல ஏறினா கூட்டல், தண்ணிக்குள்ள இறங்கினா குறை. வாயால சொல்லப்பிடாது, விடையில போய் நிக்கணும். பெருக்கல் இருந்தா அத முதல்ல முடிக்கணும், கேட்டியா?"

குறை எண் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஆனாலும் பிடிபட்டுவிட்டது. மூன்றில் நாலைக் கழித்தால் குறை ஒன்று, கரண்டைக்கால் நனைந்தது. நாலிலிருந்து, இரண்டு பெருக்கல் மூன்றைக் கழித்தால் குறை இரண்டு, முழங்கால். பயம்தான் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது என்று நினைக்கிறேன். அரிசி களையும்போதும் விளக்குமாற்றால் முற்றம் தூக்கும்போதும் மனதுக்குள் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பேன், எந்தக் கணக்கு எவ்வளவு ஆழம் என்று முன்னமே தெரியவேண்டுமல்லவா.

நாலாம் நாள் மதினி ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே, "மூணுல இருந்து, ரெண்டு பெருக்கல் நாலக் கழி" என்றாள்.

ரெண்டு நாலு எட்டு. மூன்றில் எட்டுப் போனால் குறை ஐந்து. அவள் வாய் மூடுவதற்குள் விடை தெரிந்துவிட்டது. இரண்டுக்கே முழங்கால் என்றால் ஐந்துக்குத் தலை முங்கிவிடும். அந்தப் பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். கழித்தலை முதலில் செய்தால் மூன்றில் இரண்டு போக ஒன்று, அதை நாலால் பெருக்கினால் நாலு, மேலே ஏறிவிடலாம். ஏறினேன். நாலாவது படியில், வெயிலில் காய்ந்த கல்லின்மேல் போய் நின்றேன்.

"ஏட்டி, நல்லா ஓர்த்துப் பாரு. அதுதானா?"

"ஆமா மதினி."

"இவளுக்குப் பெருக்கலக் காக்கா கொண்டு போச்சு மக்கா!" என்று தோழி ஒருத்தி கைகொட்டிச் சிரித்தாள். மதினி சிரிக்கவில்லை. "நேத்து வரைக்கும் ஒழுங்கா நின்னியே பிள்ள" என்றாள். தண்ணிக்குப் பயமாயிருக்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அதைச் சொல்ல எனக்குக் கூடவில்லை.

சாயங்காலம் அவள் அப்பாவிடம், "நாலு நாளா சொல்லிக் கொடுக்கேன் மாமா, மண்டையில ஏறல்ல" என்று சொன்னதை அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்போதும் வெளியே வந்து உண்மையைச் சொல்லவில்லை. பள்ளி திறந்த அன்று நான் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது, தனியாகக் குளத்தைப் பார்க்கப் போனேன். மதினி இறந்து பல வருஷமாகிறது. குளத்தில் பாதியைக் காணோம், மீதியில் ஆகாயத்தாமரை. படிகள் அடிவரை காய்ந்து கிடந்தன. அலக்குகல் மட்டும் அதே குழிவோடு இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எண்ணி எண்ணி ஐந்து படி இறங்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு படியையும் கால்விரலால் தொட்டுப் பார்த்துத்தான் அடுத்த அடி வைத்தேன். திரும்பி நின்று பார்த்தேன். அலக்குகல்லின் மட்டம் என் இடுப்புக்கு நேராக இருந்தது.

அந்த வயதில் எனக்கு நெஞ்சு வரைதான் நனைந்திருக்கும்.