பாஸ்வேர்டு யார் கையில்?

பெற்றோர் கேள்விக்கு ஒரு மாதத்துக்குள் பதில் தரவேண்டும் என்பது எங்கள் பள்ளி வாரியத்தின் விதி. ஓய்வுபெற்றும் விதிகளைப் படிக்கிறவன் நான்.

மாணவர்களுக்கேற்ற படிப்பையும் வேலையையும் சொல்லும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க எங்கள் ஊரான வெஸ்ட் வின்ட்சரில் கூட்டம். விற்பனையாளர் படம் காட்டி முடித்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓர் அம்மாள் மைக்கைப் பிடித்தார். பெற்றோர் நுழைய முடியாதபடி இதற்குப் பூட்டு உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சோதனைப் பதிப்பில் மகளுக்கான கேள்விகளுக்குக் கணவரே பதில் போட்டாராம். இன்ஜினீயர் என்று வந்ததாம். மகளுக்கோ தீயணைப்புத் துறைதான் ஆசை.

“இதெல்லாம் வீட்ல பேசிக்கலாம்ல?” என்று முனகினார் கணவர்.

“வீட்ல பாஸ்வேர்டு உங்க கையில இருக்கே!”

மைக் அணைக்கப்படவில்லை. இத்தனை வருடக் கூட்டங்களில் இவ்வளவு நேரான கேள்வியை நான் கேட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து, என் பேரனும் அந்த அம்மாளின் மகளும் பள்ளி முடித்த விழாவில் அவரை மறுபடி பார்த்தேன். மகளுக்குத் தீயணைப்புப் பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது என்றார். பிறகு சிரித்தபடி போனை நீட்டினார். பூட்டு வைக்க வாரியம் சம்மதித்திருந்தது. பதிலில் இருந்தது அந்த விழா நாளின் தேதி.