வெள்ளைப் புகையோடு கட்டுமாவடி வரை

சனிக்கிழமை பிற்பகல் 2.35. ஆவூரிலிருந்து கிளம்பினோம். வேனின் மீட்டர் 3,41,208 காட்டியது. பதின்மூன்று இருக்கை கொண்ட பழைய டீசல் வேனில் ஆட்கள் இருவர்தாம்: நானும், அதன் உரிமையாளரும் ஓட்டுநருமான அந்தோணியும். என் பையில் மூன்று வேளை மாத்திரை ஒன்பது, துண்டு இரண்டு, குறிப்பேடு ஒன்று.

நான் போனது, பத்தொன்பது ஆண்டுகள் என்னோடு ஒரே பள்ளியில் கணக்கு நடத்திய ஜமாலைப் பார்க்க. வேன் போனது, அவருடைய ஊரில் படகு இன்ஜின் பார்க்கும் சாகுல் பாயிடம் தன்னைக் காட்டிக்கொள்ள. குளிர்ந்த காலையில் முதல் ஸ்டார்ட் எடுக்கும்போது இந்த வேன் நெடுநேரம் முனகும். பிறகு உடம்பெல்லாம் உதறும். தெருவை மறைக்கும் அளவுக்குப் புகையும். அந்தோணி இதில்தான் பதினொரு பெண்களை மாத்தூர் கம்பெனிகளுக்குத் தினமும் கொண்டுபோய் விடுகிறார். போன வாரம் மூன்று நாள் தாமதம். திங்கட்கிழமையும் தாமதமானால் வேறு வேனுக்கு மாறிவிடுவதாக அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அரைநாள் சம்பளம் போகிறது. கீரனூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினைப் பிரிப்பதைவிடப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று சொல்லியிருந்தார்.

இத்தகைய இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் உண்டு. சாவியைப் பாதி திருப்பினால் முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரியும், பிளக்குகள் சூடாகும், பிறகுதான் ஸ்டார்ட் செய்யவேண்டும். அந்தோணியின் அப்பாவும் இதே வேனை ஓட்டியவர். விளக்கு எரிந்ததும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லி முடித்து, அதன்பின் சாவியை முழுதாகத் திருப்பும்படி மகனைப் பழக்கியிருக்கிறார். ஆவூரில் பழைய டீசல் வண்டிக்காரர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அந்தோணி சொல்லும்போது பலமுறை கடிகாரம் பார்த்திருக்கிறேன். பதினாறு விநாடி.

3.15க்குக் கீரனூர். 3.50க்குப் புதுக்கோட்டை. பேருந்து நிலையத்துக்கு வெளியே தேநீர், ஒன்று பன்னிரண்டு ரூபாய், இரண்டுக்கு இருபத்து நான்கு. திரும்பி வந்து சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உடனே பற்றியது, புகை துளியும் இல்லை. அறந்தாங்கி 4.50. அதைத் தாண்டியதும் வயல்கள் அகன்று, காற்றில் ஈரம் கூடியது. கருவேல மரங்களுக்கு இடையே வானம் கீழே இறங்கி வந்ததுபோல் இருந்தது. 5.40க்குக் கட்டுமாவடி. மீட்டரின்படி 103 கிலோமீட்டர். சாலையோரம் வலைகள் நீல நிறத்தில் குவிந்து கிடந்தன. ஜமால் வாசலிலேயே நின்றார். கடைசியாகச் சந்தித்த பிறகு, ஏழு வருடத்தில் இன்னும் இரண்டு பல் போயிருந்தது அவருக்கு. எனக்கு நான்கு.

மாலைத் தொழுகை முடிந்து சாகுல் பாய் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் கருவி ஒன்றும் இல்லை. இன்ஜின் மூடியைத் திறக்கக்கூட இல்லை.

“சூட்டுல எல்லா இன்ஜினும் நல்ல புள்ளதான்” என்றார். “கீரனூர்க்காரரும் ஓட்டிட்டுப் போன வண்டியத்தானே பாத்திருப்பாரு? ராவெல்லாம் கிடக்கட்டும். காலையில தொழுதுட்டு வாரேன். அதுவரைக்கும் சாவிய யாரும் தொடாதீங்க.”

அன்றிரவு கொடுவா மீன் குழம்பு. ஜமாலின் மனைவி எனக்கு நான்கு துண்டு வைத்தார். நான் முள்ளை எண்ணி எண்ணிச் சாப்பிட்டதாக ஜமால் இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஞாயிறு அதிகாலை 5.05. என் தவறை அப்படியே எழுதிவிடுகிறேன். 3.40க்கே விழித்துவிட்டேன். கடற்கரையில் ஆவூர் அளவுக்குக் குளிர் இல்லை. வேன் இங்கே புகையாமல் போய்விட்டால் பாய் எதைப் பார்ப்பார் என்ற கவலை பிடித்துக்கொண்டது. ஒரு முறை போட்டுப் பார்த்துவிடலாமே என்று அந்தோணியை எழுப்பினேன். அவர் தயங்கினார். எனக்கு மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். சாவியைத் திருப்பினார், செபம் சொன்னார், ஸ்டார்ட் செய்தார். நான் கடிகாரத்தோடு பின்னால் நின்றேன். பதினான்கு விநாடி சுற்றிய பிறகு பற்றியது, எழுபது விநாடி உதறல், புகை, பிறகு தெளிந்துவிட்டது. நிம்மதியாக எழுதிக்கொண்டேன்.

6.10க்கு சாகுல் பாய் வந்தார். இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார்.

“யாரு ஸ்டார்ட் பண்ணுனது?”

“நான்தான் பாய்” என்றார் அந்தோணி.

நான் வாய் திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணவில்லை. பிறகு, நான் சொல்லித்தான் அவர் செய்தார் என்றேன். இனி நாளைக் காலைதான் குளிர்ந்த இன்ஜினைப் பார்க்கலாம் என்றார் பாய். நாளை என்றால் திங்கள். அந்தோணி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜமால்தான் குறுக்கே வந்தார். “பாய், இவரு நிமிஷக் கணக்கா எழுதி வைக்கிற ஆளு. இவர்கிட்டயே கேளுங்க. நீங்களே பாத்த மாதிரிதான்.”

பாய் என்னை ஒருமுறை பார்த்தார். “சுத்தும்போதே பொகை வந்துச்சா, பத்துனப்புறம் வந்துச்சா?”

குறிப்பேட்டைப் புரட்டினேன். பதினான்கு இருந்தது, எழுபது இருந்தது, இது இல்லை. அப்போதுதான், பதினொன்றாவது விநாடிக்குப் பின் கடிகார முள் தெரியாமல் மூக்குக்கண்ணாடியைத் துண்டால் துடைத்தது நினைவுக்கு வந்தது. கண் எரிந்தது, கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது. இன்ஜின் பற்றுவதற்கு முன்பே நடந்தது அது.

“அந்தத் துண்டு எங்க?”

கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். அந்தோணியிடமும் நீட்டினார். “பச்சை டீசல் வாடை. ஆயில் கருகுன நாத்தம் இருக்கா? இல்ல. சுத்தும்போதே பொகையுதுன்னா டீசல் ஒழுங்கா வந்து சேருது, எரியத்தான் சூடு பத்தல.”

இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயில் கையை வைத்தார். ரிங் போயிருந்தால் உள்ளிருந்து காற்று கையைத் தள்ளுமாம். என்னையும் வைக்கச் சொன்னார். மெல்லிய மூச்சுதான் வந்தது. பிறகு இன்ஜினை நிறுத்தி, ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு சிறு பல்பை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பார்த்தார். முதலாவதில் பல்பு எரிந்தது. மற்ற மூன்றிலும் எரியவில்லை.

“வெளக்கு ஒழுங்கா எரியுமே பாய்” என்றார் அந்தோணி. அவரால் நம்ப முடியவில்லை.

“வெளக்கு நேரத்தத்தான் காட்டும் தம்பி. பிளக்கு செத்துட்டா அதுக்குத் தெரியாது. ஒங்க செபமெல்லாம் சரிதான். கரண்டுதான் போய்ச் சேரல.”

அந்தோணி சிரித்தார். ஆவூரை விட்டபின் அவர் சிரித்துப் பார்த்தது அப்போதுதான். மணமேல்குடியில் பாய்க்குத் தெரிந்தவரின் கடையைத் திறக்கச் சொல்லி, அவரும் அந்தோணியும் நான்கு பிளக் வாங்கி வந்தார்கள். ஒன்று 340 ரூபாய். பழையவற்றில் ஒன்று பாதியில் இறுகிக்கொண்டு வர மறுத்தது. உடைந்தால் இன்ஜின் தலையையே கழற்ற வேண்டியிருக்கும். சூடு ஏற்றி, எண்ணெய் விட்டு, கால் சுற்று, அரைச் சுற்று என்று பாய் அதை வெளியே எடுக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை ஜமால் என்னைத் திரும்பத் திரும்ப உள்ளே அழைத்துக்கொண்டிருந்தார். நான் போகவில்லை.

1.20க்கு விடைபெற்றோம். மூன்றாவது சிலிண்டர் சற்றுப் பலவீனம், அடுத்த மழைக்குள் பார்த்துவிடுங்கள் என்றார் பாய். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை நாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் காலையில் எழுப்பியதைப் பற்றி அந்தோணி வழியெல்லாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. புதுக்கோட்டையில் தேநீருக்கு இறங்கியபோது மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார், நானும் போட்டுப் பாத்துரணும்னுதான் படுத்துக் கெடந்தேன்” என்றார்.

திங்கள் காலை 5.30. ஆவூரில் பனி. கையைத் தூக்கினால் விரல் மங்கலாகத் தெரியும் அளவுக்கு. பதினொரு பெண்களும் வந்து, எப்போதும்போல் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, புகைக்கு எட்டாமல் சாலையின் எதிர்ப்பக்கம் நின்றார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தது. பதினாறு விநாடி. பிறகு சாவி.

இரண்டு விநாடி சுற்றிப் பற்றியது. லேசாக உதறியது, வெண்மையாகக் கொஞ்சம் புகைந்தது, ஒன்பதாவது விநாடியில் நின்றது. அந்தோணி ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்துக் காத்திருந்தார். எதிர்ப்பக்கம் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு பெண் துப்பட்டாவை இறக்கி, மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்தார். வேனை முன்னால் சுற்றி வராமல், புகைக்குழாயை ஒட்டி நடந்து வந்தே ஏறினார். மற்றவர்களும் அவர் பின்னாலேயே வந்தார்கள்.