அழகி கொக்கி

கல் உடைக்கும் மலையாண்டிக்கு வாக்கப்பட்டு நார்த்தாமலைக்கு வந்த அழகி, முதல் சில வருஷங்கள் குவாரியில் ஜல்லி சுமந்தாள். ஒருநாள் மேலேயிருந்து சரிந்த கல் அவளுடைய இடது பாதத்தை நசுக்கிவிட்டது. புண் ஆறியது. ஆனால் கூடையோடு ஏற்றத்தில் ஏறுவது அத்தோடு நின்றுபோனது. வீட்டில் சும்மா இருக்க அவளுக்கு வராது. உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலையாகப் பார்த்து, பாசிமணி கோக்க ஆரம்பித்தாள்.

திருச்சியிலிருந்து சூசைராஜ் என்ற மணி வியாபாரி மாதாமாதம் ரயிலில் வந்து இறங்குவார். கண்ணாடி மணி, நூல், மாலையைக் கழுத்தில் மாட்டுவதற்கான பித்தளைக் கொக்கி எல்லாம் அவரே கொடுப்பார். கோத்த மாலைகளை எடுத்துப் போய் ஊர் ஊராகத் திருவிழாக் கடைகளுக்குப் போடுவார். அக்கம்பக்கத்தில் பல பெண்கள் அவருக்காகக் கோத்தார்கள். அழகி கோத்ததை மட்டும் அவர் தனியாக மடித்து வைத்துக்கொள்வார். மற்றவர்கள் நிறம் சேர்ப்பதில் கண்ணாக இருந்தார்கள். அழகிக்கு மணி முடிகிற இடத்தின் மேல்தான் கண்.

"மாலை நடுவுல அறுந்து போகாதுண்ணே" என்று ஒருமுறை அவரிடம் சொன்னாள். "நூலும் கொக்கியும் சேர்ற எடத்துலதான் போகும். கொக்கியோட கண்ணுல, நூல் நுழையிற வளையத்துல, பிசிறு இருக்கு பாருங்க. அது நூலைத் தின்னுக்கிட்டே இருக்கும்."

அதனால் ஒவ்வொரு கொக்கியின் கண்ணையும் கல்லில் தேய்த்துப் பிசிறு எடுத்துவிட்டுத்தான் நூலைக் கட்டுவாள். அந்த நூலுக்கும் முன்னாலேயே தேன்மெழுகு தடவியிருப்பாள். முடிச்சைக் கடைசி மணியின் துளைக்குள் இழுத்து மறைத்துவிடுவாள். அவள் மாலையில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது.

யுத்தம் வந்து, ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த வருஷம் சூசைராஜ் மணியை மட்டும் கொண்டுவந்தார். கொக்கி இல்லை. பித்தளை எல்லாம் சண்டைக்குப் போகிறது, கடையில் கிடைக்கவில்லை என்றார். நூலை நீளமாக விட்டுப் பின்கழுத்தில் முடிந்துகொள்ளும்படி கோத்துக் கொடுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னார். மற்ற பெண்கள் சரி என்றார்கள். அழகி ஒரு மாலையை அப்படிக் கோத்துத் தன் கழுத்திலேயே கட்டிப் பார்த்தாள். வேர்வையில் முடிச்சு இறுகிப்போய் அவிழ்க்க வரவில்லை. அரிவாள்மனையில் வைத்து அறுக்க வேண்டியதாயிற்று.

"இதை எம் பேர் சொல்லிக் குடுக்க மாட்டேன்" என்றாள்.

வீட்டில் ஓட்டை விழுந்த பித்தளைத் தாம்பாளம் ஒன்று கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய், நகை செய்யும் ஆத்மநாத பத்தரின் பட்டறையில் நின்றாள். துளைத் துளையாக உள்ள இரும்பு அச்சில் விட்டு அவர் பொன்னைக் கம்பியாக இழுப்பதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள்.

"இந்தத் தாம்பாளத்தைக் கம்பியா இழுத்துக் குடுப்பீங்களா?"

பத்தர் சிரித்தார். "பொன்னு இழுக்கிற அச்சும்மா இது. அதுல தாம்பாளத்தை விடச் சொல்றியா?"

"பழசா, ஒதுக்கிப் போட்டது ஒண்ணு இருந்தாக் குடுங்க. நானே இழுத்துக்கிறேன்."

பத்தர் எழுந்தார். பிறகு மூலையில் துருப்பிடித்துக் கிடந்த அச்சு ஒன்றை எடுத்து நீட்டினார். பித்தளையைச் சும்மா இழுத்தால் முறியும், காய்ச்சிக் காய்ச்சி இழுக்க வேண்டும் என்று ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பினார்.

தாம்பாளத்தை மெல்லிய நாடாக்களாக வெட்டினாள். நாடாவை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு, புளியமரத்தில் கட்டிய அச்சில் நுனியை நுழைத்து, குறட்டால் பிடித்து உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தாள். பெரிய துளை, அடுத்து அதைவிடச் சின்னது, அப்புறம் அதைவிடச் சின்னது. பாதி கம்பி முறிந்து போனது. உள்ளங்கை இரண்டும் கொப்புளித்தன. மலையாண்டி குவாரியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, குறட்டின் மறுபிடியைப் பிடித்துக்கொண்டான்.

கம்பி வந்துவிட்டது. கொக்கியாக வளைப்பதுதான் அடுத்த பாடாக இருந்தது. காய்ச்சிய கம்பியில் வளைத்த கொக்கி மெத்தென்று இருந்தது; தொட்டால் விரிந்தது. மலையாண்டியின் சின்னச் சுத்தியலால் தட்டினாள். தட்டத் தட்டப் பித்தளை விறைத்தது. அதிகம் தட்டியது முறிந்தது. எவ்வளவு தட்டினால் போதும் என்பதைக் கை பிடித்துக்கொள்ளும்வரை வளைத்ததையெல்லாம் நிமிர்த்தித் திரும்பக் காய்ச்சினாள்.

அடுத்த முறை வந்த சூசைராஜ் கொக்கியை விரலில் மாட்டி இழுத்தார். முதலில் அசையவில்லை. பலமாக இழுத்ததும் கொக்கி மெல்ல வாயைத் திறந்தது.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா விட்டுருச்சே. சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி வாங்கித் தாரேன், அதுல வளைச்சுப் போடு. யானை இழுத்தாலும் வரக் கூடாது."

"யானை இழுக்காதுண்ணே. பிள்ளைக கழுத்துல போடுறது இது" என்றாள் அழகி. "எங்க குவாரியில பெரியகருப்பன் அண்ணனுக்கு நாலு வெரல் போனது எதனாலேன்னு கேளுங்க. கல்லுத் தூக்குற சங்கிலி விட வேண்டிய நேரத்துல விடலை. சாதாரணமாப் போட்டா நிக்கணும், வெறிகொண்டு இழுத்தா விடணும். அப்பிடித்தான் நான் தட்டியிருக்கேன்."

"சனங்க கெட்டியா இருக்கான்னுதான் பாக்கும். விடுமான்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்காட்டியும் நான் அப்பிடித்தான் செய்வேன்."

சூசைராஜுக்குக் கோபம் வந்துவிட்டது. மணிப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். போக்ஸ் கம்பிக் கொக்கி வைத்த மாலைகள் அந்த வருஷம் வேறு கைகளிலிருந்து அவருக்குப் போயின. அழகி கையிலிருந்த மணிகளைக் கோத்து, பங்குனித் திருவிழாவில் மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பாதையில் சாக்கு விரித்துத் தானே விற்க உட்கார்ந்தாள்.

திருவிழாவுக்குத் திருமயத்துப் பக்கத்திலிருந்து உண்ணாமலை என்று ஒருத்தி, மகளைக் கூட்டிக்கொண்டு வண்டி கட்டி வந்திருந்தாள். மகளுக்குச் சிவப்பு மணி மாலை ஒன்றை அழகியிடம் வாங்கிப் போட்டுவிட்டாள். வெயில் சாயும் நேரத்தில் அதே மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏன்க்கா, இதுதான் ஒங்க கொக்கியா? ஒரு பொழுது தாங்கலை. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. நல்லநாளும் அதுவுமா இப்பிடியா ஏமாத்துவீங்க?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழகி மாலையை வாங்கிப் பார்த்தாள். நூல் அறவில்லை, ஒரு மணிகூட உதிரவில்லை. கொக்கி மட்டும் நேராக விரிந்திருந்தது.

"இது எங்கிட்டுக் கெடந்துச்சு?"

"வண்டி ஓரத்து முளைக்கம்புல தொங்குச்சு."

"பிள்ளை எங்க இருந்துச்சு?"

"கீழ மணல்ல கெடந்து அழுதுச்சு. வண்டி மேல ஓரத்துல நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தா. வேட்டுச் சத்தத்துல மாடு மிரண்டு வண்டியை இழுத்துருச்சு..."

சொல்லிக்கொண்டே பிள்ளையைப் பார்த்தாள். அழகி பிள்ளையின் மோவாயை மெல்ல நிமிர்த்தினாள். கழுத்தைச் சுற்றி, ஒரு காதின் கீழிருந்து மறு காதின் கீழ்வரை, சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

"முளைக்கம்புல மாலை மாட்டி, ஓடுற வண்டியில பிள்ளை தொங்கியிருக்கு" என்றாள் அழகி. "கொக்கி விட்டதாலதான் மணல்ல விழுந்திருக்கு."

உண்ணாமலை பிள்ளையை இறுக்கிக்கொண்டு அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை அடங்க நேரமாயிற்று. அழகி அதற்குள் கொக்கியைச் சுத்தியலால் திரும்ப வளைத்து, அளவாகத் தட்டி, தன் விரலில் மாட்டி இழுத்துப் பார்த்து, அந்தப் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிட்டாள். உண்ணாமலை பிள்ளையின் முடியை ஒதுக்கிக் கொடுத்தாள்.

சுற்றி நின்று கேட்டவர்கள் சும்மா போகவில்லை. விரித்த சாக்கு காலியாயிற்று. போக்ஸ் கம்பி மாலை போட்ட பிள்ளைகளைத் தாய்மார் கையோடு கூட்டிவந்து, கொக்கியை மட்டும் மாற்றித் தரச் சொன்னார்கள். மறுநாள் கம்பி தீர்ந்துவிட்டது. மலையாண்டி வீட்டிலிருந்த பித்தளைச் செம்பை நசுக்கிக் கொண்டுவந்து கொடுத்தான்.

சித்திரையில் சூசைராஜ் வந்தார். வாசலில் நின்று தொண்டையைக் கனைத்தார்.

"அழகி, எனக்குக் கொக்கி வேணும். மாலை யார் கோத்தாலும் சரி, கொக்கி ஒன்னோடதா இருக்கணும். போற எடமெல்லாம் அதைத்தான் கேக்குறாங்க."

"உள்ள வாங்கண்ணே" என்றாள் அழகி. "ஓட்டைப் பித்தளைப் பாத்திரமாப் பாத்து நீங்க கொண்டாங்க. எப்பிடித் தட்டுறதுங்கிறது மட்டும் எஞ்சோலி. அதுல யாரும் வாய் வைக்கக் கூடாது."

அவர் ஒப்புக்கொண்டார். குவாரியில் கையோ காலோ அடிபட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் நாலு பேரை அழகி சேர்த்துக்கொண்டாள். புளியமரத்தடியில் ஒருத்தி கம்பி காய்ச்சினாள், ஒருத்தி இழுத்தாள், ஒருத்தி வளைத்தாள், ஒருத்தி கொக்கியின் கண்ணைத் தேய்த்தாள். கடைசித் தட்டு மட்டும் அழகியுடையது. விரலில் மாட்டி இழுத்துப் பார்க்காத ஒரு கொக்கியும் அங்கிருந்து வெளியே போனதில்லை.

யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து, நூல் வாங்கப் புதுக்கோட்டைக் கடைவீதிக்குப் போயிருந்தாள். கடையில் முன்னால் நின்ற ஒருத்தி மணமேல்குடியிலிருந்து வந்தவள். பேத்திக்கு மாலை கோக்க வேண்டும், அழகி கொக்கி இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் டப்பாவைத் திறந்து காட்டினார். பம்பாயிலிருந்து வந்த பளபளப்பான கொக்கியும் பக்கத்திலேயே இருந்தது. அந்த அம்மாள் அதைத் தொடவில்லை.

"அழகின்னா என்ன, கம்பெனிப் பேரா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"அப்பிடித்தான் இருக்கும். நல்ல கம்பெனி" என்றார் கடைக்காரர்.

அழகி ஒரு அடி முன்னால் வந்து, டப்பாவிலிருந்து ஒரு கொக்கியை எடுத்தாள். விரலில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாளின் கையில் வைத்தாள்.

"கம்பெனி இல்லைங்க" என்றாள். "அழகி நாந்தான். நார்த்தாமலையில இருக்கேன். நம்பி வாங்கிட்டுப் போங்க."