ஸ்ட்ரைக் கொடுத்தவர்

மரியராஜ் மேல் மில் நிர்வாகம் சுமத்திய குற்றம் ஒரே ஒரு சொல். அதை அவர் மூன்று முறை உரக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் வலது கையைத் தூக்கினார். எதையும் அவர் மறுக்கவில்லை.

1951. மைசூரில் ஒரு நெசவு மில்லில் அவர் ஐந்து வருடமாக டைம்கீப்பர். ஷிப்டு மாறும்போது கேட்டில் நின்று டோக்கன் எண்களைக் கூவுவார். முன்னூறு பேர் இரைச்சலில் கடைசி ஆளுக்கும் கேட்கும். தேவராஜ மொஹல்லாவில் வாடகை வீடு. மனைவி ஜெசிந்தா மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

யுத்தகாலத்தில் அவர் பெங்களூரில், அமெரிக்க விமானப்படை முகாமின் ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்பாய்கள் பேஸ்பால் ஆடினார்கள். ஒரு ஞாயிறு அம்பயருக்குக் காய்ச்சல். குரல் பெரியது என்பதற்காக இவரைப் பிடித்து நிறுத்தினார்கள். அதன் பிறகு முகாம் கலைகிற வரை இவர்தான் அம்பயர். கர்னல் ஒருவரை அவுட் ஆக்கியிருக்கிறார். கர்னல் முறைத்துவிட்டு நடந்து போனார். அவ்வளவுதான். மெமோ வரவில்லை.

மைசூரில் அந்த ஆட்டத்தைத் தொடங்கியவர் ஆங்கிலப் பேராசிரியர் நஞ்சுண்டசாமி. கோடை விடுமுறையில் காலேஜ் பையன்கள் சினிமாக் கொட்டகையே கதியென்று கிடக்கிறார்கள் என்று அவருக்குக் கவலை. புத்தகத்தில் பேஸ்பாலைப் படித்து, நான்கு காலேஜ்களின் பையன்களைச் சேர்த்து, ஏப்ரலும் மேயும் ஆட ஒரு லீக் அமைத்தார். மில் மேனேஜர் மில்லுக்குப் பின்னாலிருந்த மைதானத்தைக் கொடுத்தார். ஒரு வெள்ளிக் கோப்பையும் கொடுத்தார். மட்டைகளை ஒரு தச்சர் கடைந்து தந்தார். பந்து பிடிப்பவன் ஹாக்கி கோல்கீப்பரின் பேடு கட்டிக்கொண்டான். அம்பயர் மட்டும் இல்லை. பேராசிரியர் விசாரித்துக்கொண்டு மரியராஜ் வீட்டுக்கே வந்தார்.

“ஸ்கோர் பலகைக்கு ஆள் கிடையாது. நீங்க சொல்றது வேலி வரைக்கும் கேக்கணும்” என்றார்.

“கேக்கும் சார்.”

தரையில் பதித்த ஐந்து மூலைப் பலகைக்கு மேலே பந்து வரவேண்டும். மட்டைக்காரனின் அக்குளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே வரவேண்டும். அப்படி வந்த பந்தை அவன் அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். மூன்று விழுந்தால் அவுட். இதைச் சொல்ல அந்த ஆட்டத்தில் வேறு வார்த்தை கிடையாது.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் சங்கம் நிர்வாகத்துக்கு நோட்டீஸ் கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மூன்று மணிக்கு ஷிப்டு விட்டது. பின்கேட் வழியாக வந்த ஆட்கள் கம்பிவேலி ஓரம் நின்று ஆட்டம் பார்த்தார்கள். முதல் பந்தைப் பையன் அடிக்கவில்லை.

“ஸ்ட்ரைக் ஒன்!” என்றார் மரியராஜ்.

வேலியில் சிரிப்பு. லிங்கப்பன் என்ற தறிக்காரன், கொள்ளேகால் பக்கம் ராமாபுரத்திலிருந்து வந்தவன், சங்கக் கமிட்டியில் இருப்பவன், கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: “டைம்கீப்பரே சொல்லிப் போட்டாருங்கோ! இனி நமக்கென்ன!”

“ஸ்ட்ரைக் டூ!”

இந்த முறை வேலி முழுவதும் சேர்ந்து சொன்னது. மூன்றாவதை இருநூறு தொண்டைகள் சொல்லின. விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். மில் மாடியில் விருந்தாளிகளோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்த மேனேஜர் எழுந்து பார்த்தார். தன்னுடைய டைம்கீப்பர், தன்னுடைய மைதானத்தில், கையைத் தூக்கி முழங்குகிறான். ஆட்கள் பதில் முழக்கம் போடுகிறார்கள்.

போலீஸ் வேன் வந்தது. சாயங்காலம் வரை மரியராஜை ஸ்டேஷனில் உட்காரவைத்து அனுப்பினார்கள். திங்கட்கிழமை மெமோ. மில் எல்லைக்குள் வேலைநிறுத்தத்தைத் தூண்டும் முழக்கம் எழுப்பியது ஏன்? மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் வேலைநீக்கம்.

மரியராஜ் சிரித்தார். பேராசிரியரின் ஒரு வரிக் கடிதம் போதும், அது ஆட்டத்துச் சொல் என்று. நேரே அவர் வீட்டுக்குப் போனார்.

“கொஞ்சம் யோசிக்கணும்” என்றார் நஞ்சுண்டசாமி. “கிரவுண்டு அவர் கொடுத்தது. கப்பு அவர் கொடுத்தது.”

“வார்த்தை ஆட்டத்துது சார்.”

“நான் இல்லேங்கல. ஸ்வல்ப கேளுங்க. நீங்க சொன்னது ‘ஸ்ட்ரெய்ட்’னு எழுதிடலாம். பந்து நேரா வந்தது, அதனால ஸ்ட்ரெய்ட். தூரத்துல இருந்தவங்களுக்கு வேற மாதிரி கேட்டுச்சு.”

“ஸ்ட்ரெய்ட் ஒன், ஸ்ட்ரெய்ட் டூன்னு எந்த ஊர்ல சார் ஆடறாங்க?”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“எனக்கு நல்லது வேணாம் சார். லெட்டர் வேணும்.”

கடிதம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறையில் விசாரணை. பேராசிரியர் சாட்சியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மரியராஜுக்கு நாற்காலி இல்லை. அம்பயருக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று மேனேஜர் கேட்டதற்கு, பொதுவாக விதிகளைச் சொன்னேன், தனித்தனி வார்த்தைகள் நினைவில்லை என்றார் அந்த ஆங்கிலப் பேராசிரியர்.

மரியராஜ் அவர் பக்கம் திரும்பினார்.

“சார், நல்ல பந்து. பையன் அடிக்கல. அம்பயர் என்ன சொல்லணும்?”

“அது மூணாவதா இருந்தா அவுட்.”

“அவுட்டுக்கு முன்னால சார்?”

நஞ்சுண்டசாமி மேசையைப் பார்த்தார்.

“சொல்லுங்க சார். அகராதியில இருக்கிற வார்த்தைதானே. சொன்னா யாரும் உங்களைப் பிடிச்சுட்டுப் போகமாட்டாங்க.”

அவர் சொல்லவில்லை. பி.ஏ. வகுப்பில் இருபது வருடமாக ஆங்கிலம் நடத்தியவர், ஆறு எழுத்துள்ள ஓர் ஆங்கிலச் சொல்லை அந்த அறையில் உச்சரிக்கப் பயந்தார்.

மரியராஜ் தாள் வாங்கி எழுதினார்: ‘நான் ஸ்ட்ரைக் என்றுதான் சொன்னேன். மூன்று பந்தும் பலகைக்கு மேலே வந்தன. பையன் அடிக்கவில்லை.’ மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை.

“ஒரு வரிதானே, எழுதிக் குடுத்துட்டு வேலைக்குப் போயிருக்கலாம்” என்றாள் ஜெசிந்தா அன்று சாயங்காலம்.

“என்னன்னு எழுத? நல்ல பந்தைத் தப்பாச் சொன்னேன்னா?”

மறுநாள் வேலை போயிற்று. அடுத்த வாரம் இறுதி ஆட்டம் நடந்தது. நஞ்சுண்டசாமியே அம்பயராக நின்றார். ஸ்ட்ரைக் விழுந்தபோதெல்லாம் பேசாமல் ஒரு விரலைத் தூக்கினார். ஒன்றரை மாதம் மரியராஜின் தீர்ப்பில் ஆடிய பையன்கள், நாளைக்கு நாட்டை ஆளப்போகிறவர்கள் என்று மேடையில் புகழப்பட்டவர்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. மேனேஜர் கையால் கோப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஜூனில் தொழிலாளர்கள் உண்மையிலேயே வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்பது நாள் நடந்தது. பஞ்சப்படி கொஞ்சம் கூடியது. வேலைநிறுத்தத்தை ஒட்டி நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம். ஒரு ஞாயிறு காலை லிங்கப்பன் அப்படி நீக்கப்பட்டவர்களின் பட்டியல் எழுதிய தாளும் பேனாவுமாக வந்தான்.

“ஏனுங்க டைம்கீப்பரே, உங்க பேரை மொதல் பேரா எழுதியிருக்குதுங்க. மொதல்ல கொரல் குடுத்தது நீங்கதானுங்களே. கையெழுத்துப் போட்டுட்டா நாளைக்கே கேட்டுல நிக்கலாம். சங்கத்துல மாலை போடோணும்னு கூடப் பேச்சு.”

மரியராஜ் தன் பெயருக்கு எதிரே இருந்ததை வாசித்தார். ‘தொழிலாளர் கோரிக்கையை ஆதரித்து மே மாதம் முழக்கமிட்டதற்காக நான் நீக்கப்பட்டேன்.’

“இது பொய்யப்பா.”

“பொய்யின்னா என்னங்க, வேலை கெடைக்குதல்லங்க?”

“நான் உங்களுக்காகக் கத்தல. அவங்களுக்கு எதிராவும் கத்தல.”

“ஊரே கேட்டுச்சுங்களே!”

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெசிந்தா உள்ளிருந்து வந்தாள். இரண்டு மாதமாக வார்டில் டாக்டர், நோயாளி, ஆயா என்று எல்லாரும் அவளிடம், உங்க வீட்டுக்காரர் ஸ்ட்ரைக் பண்ணினாராமே என்று கேட்டுவிட்டார்கள். தாளை வாங்கி லிங்கப்பன் கையில் திருப்பி வைத்தாள்.

“அவரு ஸ்ட்ரைக் பண்ணல. ஸ்ட்ரைக் கொடுத்தாரு. மேனேஜருக்குத்தான் வித்தியாசம் தெரியல. உங்களுக்குமா?”

“தெரியலீங்கக்கா” என்றான் லிங்கப்பன். உண்மையாகவே சொன்னான். “நாங்க வேலியில நின்னு சிரிச்சதுதானுங்க. அது என்ன ஆட்டம்னே புரியல.”

மரியராஜ் சாக்கட்டி எடுத்துத் தரையில் ஐந்து மூலைப் பலகையை வரைந்தார். லிங்கப்பனை அதன் பக்கத்தில் நிற்கவைத்து, கையில் குடையைக் கொடுத்தார். அக்குளைத் தொட்டுக் காட்டினார். முழங்காலைத் தொட்டுக் காட்டினார். லிங்கப்பன் குனிந்து தன் முழங்காலையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அன்னைக்கு அந்தப் பையனுக்குப் பந்து இதுக்குள்ளாறதான் வந்துச்சுங்களா?”

“மூணும்.”

“அப்ப அவன் அவுட்டுதானுங்களே.”

மேனேஜர் கேட்கவில்லை. போலீஸ் கேட்கவில்லை. புத்தகம் படித்த பேராசிரியர் கேட்கவில்லை. அந்தச் சொல் சரியாகச் சொல்லப்பட்டதா என்று கேட்க, கையெழுத்து வாங்க வந்த தறிக்காரன் ஒருவன்தான் இருந்தான்.

“அவுட்” என்றார் மரியராஜ்.

லிங்கப்பன் குடையைச் சுவரில் சாய்த்தான். பட்டியலில் முதல் பெயரைத் தானே அடித்துவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.