நல்லம்மா வீட்டுப் பனிமலை

நல்லம்மா தன் ஆயுளில் கந்தளாய்க்கு அப்பால் போனவளல்ல. ஆனால் சுவிஸ் நாட்டைப் பற்றி அவளிடம் வாய் தவறிக் கேட்டுவிட்டால், அடுப்பில் உலை வற்றினாலும் கதை வற்றாது. ஆரே என்றொரு ஆறு, பனி உருகி வருகிற பச்சைத் தண்ணீர். இரண்டு ஏரிகளுக்குள் புகுந்து வெளியே வந்து பேர்ண் பட்டணத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடும். ஐகர் என்றொரு மலை, அதன் வரிசையிலேயே யுங்ஃப்ராவ். மலையடிக் கிராமங்களில் மரவீடுகள், கழுத்தில் பெரிய மணி கட்டிய மாடுகள். அப்படியொரு கிராமத்தில்தான் அவளுடைய ஒரே மகன் குலசிங்கம் ஹோட்டலில் கோப்பை கழுவுகிறான்.

ஆறும் மலையும் மெய். மகன் அங்கே இருக்கிறான் என்பதுதான் பொய். அவன் கடலுக்கு அந்தப் பக்கம், மூதூரில், ஸெய்னுதீனுடைய நெல் ஸ்டோரில் மூட்டைகளுக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்திருந்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவளுடைய ஊரான கப்பல்துறையில் விடிந்தால் சுற்றிவளைப்பு, விடியாவிட்டாலும் சுற்றிவளைப்பு. ஒருமுறை ஆமிக்காரர் குலசிங்கத்தைப் பிடித்துக்கொண்டு போய், கால் இரண்டும் வீங்க வீங்கத் திருப்பி அனுப்பினார்கள். சைக்கிள் திருத்துவதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறொன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் அவன் பெயரைச் சொல்லி மறுபடியும் தேடி வந்தார்கள். நல்ல காலம், அன்று அவன் வயலில் நின்றான். இனி வைத்திருக்க ஏலாது என்று நல்லம்மாவுக்கு விளங்கிவிட்டது. செத்துப்போன புருசனிடம் முன்பு நெல் வாங்கிய ஸெய்னுதீன், பிள்ளையைத் தன் பொறுப்பில் விடச் சொன்னார். அந்த மனிதர் மறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிள்ளையை ஒளிப்பது ஒரு பாடு. அவன் இல்லாத வெற்றிடத்துக்குக் காரணம் சொல்வது அதைவிடப் பெரிய பாடு. மகன் எங்கே என்று கேட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது. ஓடிவிட்டான் என்றால் குற்றவாளி என்று அவளே எழுதிக் கொடுத்த மாதிரி. சீனக்குடா ரயில் ஸ்டேஷனில் வேலை செய்த பாக்கியரத்தினம் அண்ணைதான் வழி சொன்னார். அவருடைய தம்பி உண்மையாகவே சுவிஸில் இருந்தான்.

"சுவிஸ் எண்டு சொல்லு பிள்ளை. அவ்வளவு தூரம் போய் ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

சொன்னால் போதுமா, காட்டவும் ஒன்று வேண்டாமா? திருகோணமலைப் பட்டணத்தில் ஒரு ஸ்டூடியோவில் புதிதாக ஒரு திரைச்சீலை வந்திருந்தது. பனிமலை, பச்சை ஆறு, மரவீடுகள், இரண்டு மாடு. மூதூருக்கு லாஞ்சுப் படகேறப் போகிற வழியில் மகனை அங்கே கூட்டிப்போனாள். ஸ்டூடியோக்காரர் தடித்த கோட் ஒன்றை அவனுக்கு மாட்டிவிட்டார். வைகாசி வெயிலில் அந்தக் கோட்டுக்குள் நின்றவனுக்கு வியர்வை ஆறாக ஓடியது. படத்தில் நெற்றி வியர்வையை மனிதர் தூரிகையால் மறைத்துக் கொடுத்தார். பனியில் நிற்கிறவனுக்கு வியர்க்கலாமோ!

படம் முன் விறாந்தைச் சுவரில் ஏறியது. அயலில் யாருடைய வீட்டிலும் இந்த மலை இல்லை என்பதை அவள் ஒவ்வொரு வீடாகப் பார்த்து வைத்திருந்தாள். நல்ல கெட்டிக்காரிதான். ஆனால் அந்த ஸ்டூடியோவுக்கு ஊரில் யாரும் போகவில்லை என்று பார்த்தவள், ஊருக்கு வெளியே யார் போகிறார்கள் என்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு படிப்புத் தொடங்கியது. காலையில் இடியப்பம் அவித்துச் சந்திக் கடைக்குக் கொடுத்துவிட்டு, பின்னேரங்களில் பாக்கியரத்தினம் வீட்டுக் கதிரையில் போய் இருப்பாள். தம்பி தொலைபேசியில் சொன்னதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல மனப்பாடம் செய்வாள். எந்த மாதத்தில் பனி, எப்போது மாடுகளை மலைக்கு ஏற்றுவார்கள், ஆரே கடைசியில் எந்தப் பெரிய ஆற்றில் போய் விழுகிறது. ரைன் என்று சொல்ல அவளுக்கு நாக்குப் புரளவில்லை. ரயில் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவர் பனிச்சரிவைப் பற்றிச் சொன்னார். மலையுச்சியில் பனி மாதக்கணக்காகச் சும்மா கிடக்குமாம். கீழே ஊர்ச்சனம் சமைத்துச் சாப்பிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருக்குமாம். எந்த நாளில் அது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. இறங்கினால் வீடும் இல்லை, ஆளும் இல்லை. அப்படியென்றால் அந்தச் சனம் ஏன் அங்கே இருக்கிறது என்று நல்லம்மா கேட்டாள். நாங்கள் ஏன் இங்கே இருக்கிறோம் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

முதல் இரண்டு மூன்று சுற்றிவளைப்பும் பனிமலையின் புண்ணியத்தில் நல்லபடி கழிந்தன. அதிகாரி கேட்பார், அவள் சுவிஸ் என்பாள், விரல் படத்தைக் காட்டும். ஒருமுறை எந்த இடம் என்று கேட்டபோது ஆரே, பேர்ண் என்று அவள் தண்ணிபட்ட பாடாகச் சொன்னாள். அவர் கேட்டது போதும் என்று போய்விட்டார்.

அப்புறம்தான் அந்தப் பெடியன் வந்தான். புதிதாக வந்த ஆமிக்காரன், மீசை சரியாக அரும்பாத முகம். மற்றவர்கள் குசினியையும் அலுமாரியையும் கிளறிக்கொண்டிருக்க, இவன் படத்துக்கு முன்னால் போய் நின்றான். நின்றவன் நின்றபடியே நின்றான். பிறகு முகம் மலர்ந்து அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நானும் இந்த இடம் போனது. மாடு ரெண்டு, கோட், எல்லாம் அதுதான். எங்கட அம்மா வீட்டில போட்டோ இருக்கு."

அவன் போன இடம் சுவிஸ் அல்ல, அந்த ஸ்டூடியோ என்று நல்லம்மாவுக்கு விளங்கிவிட்டது. அந்த நேரம் உள்ளேயிருந்து வந்த அதிகாரி என்ன என்று கேட்டார். பெடியன் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அதிகாரி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், இலேசாகச் சிரித்தார். எல்லோரும் போய்விட்டார்கள். என்ன சொன்னான், ஏன் அவர் சிரித்தார் என்று அவளுக்கு விளங்கவேயில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாய் குரைத்தால் எழும்புவாள். வாகனச் சத்தம் சந்தியில் திரும்பினால் மூதூருக்குத்தான் போகிறார்களோ என்று வேலிக்கு ஓடிப் பார்ப்பாள். சுவர்ப் படத்தில் பனி இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு இப்போது பயமாக இருந்தது. பெடியனோ சுற்றிவளைப்புக்கு வரும்போதெல்லாம் நேரே விறாந்தைக்கு வந்து படத்தைப் பார்ப்பான். ஒருமுறை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மகன் எப்போது திரும்பி வருவான் என்று விசாரித்தான். அவன் சிரித்தபடிதான் கேட்டான். அந்தச் சிரிப்புத்தான் அவளை வாட்டியது. பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது.

அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. கடலோரச் சல்லிக் கிராமத்து முத்துமாரியம்மனைத் திசை பார்த்துக் கும்பிட்டு நேர்த்தி வைத்தாள்.

"அந்தப் பெடியன் இனி என்ட வாசல்படி மிதியாமல் பண்ணு தாயே. உன்ட வாசலில வந்து பொங்கிப் படைக்கிறன்."

அம்மன் அவனை வேறு முகாமுக்கு மாற்றிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். இப்படி நினைத்ததாகத்தான் பிற்பாடு தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

ஆவணியில் ஒரு காலை அவள் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தபோது கண்டி றோட்டுப் பக்கம் நிலம் அதிர்ந்தது. கண்ணிவெடி. ஆமி வாகனம் ஒன்று சிதறிப்போனது. ஊர் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஓடியது. ஓட்டத்துக்கு நடுவே பாக்கியரத்தினம் அவளுக்குக் கிட்ட வந்து, உன்னுடைய படத்தைப் பார்க்கிற பெடியனும் அதில்தான் செத்துப்போனான் என்று காதோடு சொன்னார்.

வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு. உண்மையை மறைக்கக்கூடாது, அப்படித்தான் இருந்தது.

சனம் வீடு திரும்பிய அன்று பின்னேரமே ஆமிக்காரர் வந்துவிட்டார்கள். இதற்குமுன் வந்ததெல்லாம் வருகையல்ல. கதவுகளை உதைத்தார்கள், பானைகளை உடைத்தார்கள், அகப்பட்ட இளந்தாரிகளை லொறியில் ஏற்றினார்கள். அதே அதிகாரி, கண் சிவந்து, அவளுக்கு முன்னால் நின்று மகன் எங்கே என்று கத்தினார். "சுவிஸ்" என்றாள். அவர் படத்தைப் பார்த்தார். பேர்ண் என்று தனக்குள் முணுமுணுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

நல்லம்மா உடைந்த பானைகளுக்கு நடுவே அப்படியே குந்திவிட்டாள். அது ஸ்டூடியோப் படம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்றைக்கு விடுவாரா? அந்தப் பெடியன் ஒருவரிடமும் சொல்லவில்லை. முதல் நாளும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஒரு தாயின் பொய்யை வாய்க்குள் பூட்டி வைத்துக்கொண்டு வந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவனைத்தான் அவள் அம்மனிடம் காட்டிக் கொடுத்தாள்.

நேர்த்தியைத் தீர்க்காமல் விட ஏலாது. வைத்த நேர்த்திக்கு முடக்கம் சொன்னால் அம்மன் பிள்ளையில்தான் கை வைப்பாள் என்று ஊரே சொல்லும். றோட்டுத் திறந்ததும் அரிசியும் பயறும் கட்டிக்கொண்டு சல்லிக்குப் போனாள். பால் நன்றாகத்தான் பொங்கியது. எந்தத் திசையால் பொங்கியது என்று அவள் பார்க்கவில்லை. அருச்சனைக்குப் பூசாரி பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"குலசிங்கம், பூரட்டாதி. இன்னொருத்தருக்கும் செய்யவேணும் ஐயா. பேர் தெரியாது."

பெயர் தெரியாவிட்டால் அம்மன் பெயருக்கே செய்யலாம் என்றார் பூசாரி. அவள் வேண்டாமென்று தலையாட்டினாள்.

"ஒரு தாயின்ட பிள்ளை எண்டு சொல்லுங்கோ."

பொங்கலை வந்தவர்களுக்கெல்லாம் பகிர்ந்தாள். தான் ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, படத்தைக் கழற்றிவிட வேண்டும் என்று சுவரில் கை வைத்தாள். கழற்ற முடியவில்லை. குலசிங்கம் இன்னும் மூதூரில்தான் இருந்தான், நாளைக்கும் கேட்பார்கள். எங்கேயோ ஒரு வீட்டுச் சுவரில் இதே மலையும் இதே ஆறும் இருக்கும், அதற்குமுன் நிற்கிற பிள்ளைக்கு இப்போது மாலை போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். கதிரையில் இருந்து வாய்விட்டு அழுதாள்.

சத்தம் கேட்டு அயலவர்கள் ஓடி வந்து, என்ன நடந்தது என்று கேட்டார்கள். மகனைக் காண ஆசையாக இருக்கிறது, சுவிஸ் சரியான தூரமல்லவா என்றாள் நல்லம்மா.